மாமா மாட்டிவிட்டுப் போன டிரிப் சுவிட்ச்

எங்கள் வீட்டில் டிரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் போனால் எனக்குக் கோபம் வராது. மகள் செல்போனும் கையுமாக வந்து, மறுபடியும் போச்சு என்று கத்துவாள். என் வீட்டுக்காரர் அயர்ன்பாக்ஸைத் திட்டுவார். நான் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் கிரைண்டர், மோட்டார், ஹீட்டர் என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு அதை ஒரு தடவை மேலே தள்ளுவேன். அப்படியும் அது மேலே நிற்காவிட்டால் வயர்மேன் வரும்வரை விசிறி இல்லாமல் இருப்போம். அதை எடுத்துவிட்டு வயரை நேரடியாகக் கொடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்குக் குரல் உயரும். வேறெதற்கும் உயர்ந்ததில்லை. நான் பேச்சு குறைந்தவள்.

என் அம்மா இன்றைக்கும் இருந்து, என் மீன்குழம்பில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்வதற்குக் காரணம், அப்படி அடிக்கடி விழுந்துகொண்டிருந்த ஒரு சுவிட்ச்தான். அதைக் கழற்றச் சொன்னது நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற வழியில் எங்கள் ஊர். அப்பா ஜங்ஷனில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவதிலிருந்து கோட்டம் எடுப்பதுவரை அவர் கைக்கு அடங்காத சைக்கிள் அந்தப் பக்கத்தில் கிடையாது. அதனாலேயோ என்னவோ, சைக்கிள் அல்லாத சாமான்களும் தன் கைக்கு அடங்கும் என்று நம்பினார். பழைய டியூபை விரல் அகலத்துக்குக் கீறி வைத்திருப்பார். வாளியின் பிடி, குடையின் கம்பி, என் செருப்பு, எது விட்டாலும் அந்த டியூப் நாடாவால் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுவார். எங்கள் வீடே அந்த நாடாவில்தான் நின்றது என்று சொல்லலாம்.

குளிக்கிற இடமான எங்கள் குளிமுறி வீட்டை விட்டுத் தள்ளி, கிணற்றைத் தாண்டி, மதிலோரம் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா இருட்டில் அங்கே போகப் பயந்தாளாம். அதற்காக அப்பா குளிமுறியில் ஒரு பல்பு போட்டுக்கொடுத்தார். வயரைத் தாங்க நடுவில் கம்பு நட்டிருக்கவேண்டும். அவருக்கு அதைவிட நல்ல யோசனை ஒன்று தோன்றியது. வீட்டுச் சுவரிலிருந்து குளிமுறியோரத் தென்னைக்கு ஏற்கெனவே ஒரு கம்பி கட்டியிருந்தது. துணி காயப்போடுகிற கொடிக்கம்பி, நல்ல இரும்புக் கம்பி. அதன் மேலேயே வயரை ஓட்டி அங்கங்கே டியூபால் கட்டிவிட்டார். வயர் பாதி வழியில் தீர்ந்துபோனது. வேறொரு துண்டை முறுக்கி இணைத்து, அந்த இணைப்பிலும் டியூபைச் சுற்றினார். கடையில் விற்கிற டேப் ஒரு மழையில் இளகிவிடும், டியூப் ஆயுசுக்கும் நிற்கும் என்பது அவருடைய கட்சி. பல்பின் சுவிட்சைக் குளிமுறி வாசலிலேயே வைத்ததால், பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அந்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும்.

டியூப் பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்றது. அதுவே பெரிய விஷயம்தான்.

மாமா அம்மாவின் தம்பி. மஸ்கட்டில் வயரிங் வேலைக்குப் போயிருந்தார். முதல் லீவில் அவர் வந்தபோது பெட்டி திறக்கிற நேரம் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சோப்பும் சென்ட்டும் டார்ச்சும் வந்தன. கடைசியில் அம்மாவின் கையில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அம்மா அதை முகர்ந்து பார்த்தாள்.

"இது என்னவாக்கும்டே?" என்று அப்பா கேட்டார்.

"ஆளக் காக்குற சாதனம் அத்தான். கரண்டு எங்கயாவது வழி மாறிப் போச்சுன்னா கண்ணு சிமிட்டதுக்குள்ள இது கீழ விழுந்து எல்லாத்தையும் நிறுத்திரும்."

"எனக்க வீட்ல ஆளக் காக்கதுக்கு நான் இருக்கேம்லா" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனாலும் மறுநாள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னறையில் மீட்டருக்குக் கீழே அதைப் பொருத்தினார். லீவு முடிந்து கிளம்புகிற அன்றைக்கு, டாக்ஸி வாசலில் நிற்கும்போது, திரும்பி வந்து சொன்னார்: விழுந்தால் ஒரு தடவை மேலே தள்ளுங்கள்; மறுபடியும் விழுந்தால் தள்ளாதீர்கள், எதனால் விழுகிறது என்று தேடுங்கள். நாங்கள் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கோடை முழுக்க அது விழவே இல்லை. அம்மா அதற்கு ஒரு பொட்டுகூட வைத்துவிட்டாள். ஐப்பசி மழை தொடங்கியதும் விழ ஆரம்பித்தது.

மாமா அனுப்பிய பணத்தில் எங்கள் வீட்டில் டிவி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா போடுவார்கள். முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. படம் நல்ல கட்டத்துக்கு வரும்போது வெளியே தூறல் விழும். கொஞ்ச நேரத்தில் மேலே டப்பென்று ஒரு சத்தம். டிவி அணைந்துவிடும்.

"ஏட்டி, தள்ளு!" என்று அப்பா சொல்வார்.

அந்த வேலை என்னுடையது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இத்தனை பேருக்கும் நடுவில் புகுந்து, அவர்கள் காலை மடக்கி வழிவிட, எல்லாரும் பார்க்க ஏறி நின்று அதைத் தள்ளவேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்லவே எனக்கு இரண்டு தடவை தொண்டையைச் சரிசெய்யவேண்டும். ஸ்டூலில் நிற்கும்போது முதுகெல்லாம் கண்கள் மொய்ப்பதுபோல இருக்கும். சில நாள் தள்ளியதும் நிற்கும். சில நாள் உடனே விழும்.

"மஸ்கட்டுல இருந்துட்டே ஒனக்க மாமன் இஞ்ச கரண்ட அமத்துகான் பாரு" என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்வாள்.

"நாம சினிமா பாக்கது அவனுக்குப் பிடிக்கல்ல" என்பார் அப்பா. மறுபடியும் சிரிப்பு. நான் ஸ்டூலில் நிற்பேன்.

அந்தக் கூட்டத்தில் அம்மா இருக்கமாட்டாள். தூறல் விழுந்ததும் கொடியில் கிடக்கிற துணியை எடுக்கப் பின்னால் ஓடியிருப்பாள். சிறிது நேரம் கழித்து ஈரத் துணிகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடுக்களை வழியாக வருவாள். வலது கையை உதறிக்கொண்டே வருவாள்.

கை வலி அவளுக்கு அந்த மழைக்காலத்தில்தான் தொடங்கியது. விரல் நுனியிலிருந்து முழங்கைவரை ஒரு வெட்டு வெட்டும், அப்புறம் சரியாகிவிடும். துணி அலக்கிக் காயப்போடுகிற நாட்களில்தான் வரும். ஈரத்தில் நின்று வேலை செய்வதால் வந்த வாதம் என்று வைத்தியர் ஒரு தைலம் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அதைச் சூடாக்கித் தேய்த்துவிடுவேன். அப்படித் தேய்க்கும்போது ஒருநாள் அவளே சொன்னாள்:

"ஒருவேள கரண்டா இருக்குமோன்னு எனக்கு ஒரு நெனப்பு வந்துது மக்கா. ஆனா கரண்டுன்னா ஆளப் பிடிச்சு வச்சுக்கிடும்லா. இது ஒடனே விட்டிருதே. வாதந்தான்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. முன்னறையில் ஒன்று விழுவதால்தான் பின்பக்கத்தில் அவளை அது விடுகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. டிவி பார்க்கிறவர்களுக்கு அம்மாவின் கை தெரியாது. துணி எடுக்கிற அம்மாவுக்கு அங்கே கரண்ட் போனது தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. எனக்கு அப்போது இருந்த ஒரே கவலை, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஸ்டூலில் ஏறவேண்டுமே என்பதுதான்.

ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். அந்தச் சாதனத்தைக் கழற்றிவிடலாமா அப்பா என்று மெல்லக் கேட்டேன். நான் எதுவும் கேட்காத பிள்ளை. பண்டிகைக்குத் துணி எடுக்கப் போனால்கூட எதைக் காட்டினாலும் தலையாட்டிவிட்டு வருவேன். அதனால் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, கையைக் கழுவிவிட்டு நேரே வயர்மேன் வீட்டுக்குப் போனார்.

வயர்மேன் அடுத்த தெருக்காரர். அப்பாவை அண்ணன் என்றும் அம்மாவை மைனி என்றும் கூப்பிடுவார். கைலியை மடித்துக் கட்டி, சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு சனிக்கிழமை காலையில் வந்தார். அன்றைக்கு மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. மழையால் ஒரு வாரமாகச் சேர்ந்த அழுக்குத் துணியையெல்லாம் அம்மா கிணற்றடிக்குக் கொண்டுபோயிருந்தாள். முதல் வாளித் துணியைக் காயப்போட்டபோதே சுவிட்ச் ஒரு தடவை விழுந்து, நான் தள்ளிவிட்டிருந்தேன்.

"நல்ல சாதனமாக்கும் அண்ணே. இது எதுக்குக் கழட்டணும்?" என்று வயர்மேன் கேட்டார்.

"நல்ல சாதனம்னா ஒனக்க வீட்ல கொண்டு மாட்டு. எங்களுக்கு நிம்மதியா ஒரு சினிமா பாக்கணும்."

"அத்தனதானா? இன்னா பிடிங்க" என்று ஸ்டூலில் ஏறினார். பியூஸ்கட்டையை எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள் போகிற வயரையும் அதிலிருந்து வருகிற வயரையும் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றினார். பியூஸ்கட்டையைத் திரும்பச் சொருகியதும் விசிறி சுற்றத் தொடங்கியது. அப்பா டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. பின்பக்கத்தில் அம்மா விரிப்பைக் கல்லில் அடித்து அலக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வயர்மேன் இறங்கவில்லை. மேலே நின்றபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அண்ணே, ஒருவேள சாதனத்துக்கு ஒரு குத்தமும் இருக்காது. இந்தப் பிள்ளதான் ஸ்டூலப் போட்டு ஏறி அத அமத்தி வெளாடுகோ என்னவோ. பாத்தா ஒண்ணும் தெரியாதது மாதிரி நிக்கா பாருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் காது சூடாகிவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டூலில் ஏறி வெட்கப்பட்டு நின்றிருக்கிறேன். கடைசியில் பழியும் எனக்கா? தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன்:

"நான் தொடமாட்டேன். புறத்த நிக்கும்போ அம்மாவுக்குக் கை வெட்டும்லா, அப்பந்தான் அது விழும். இன்னைக்கும் அப்படித்தான் விழுந்துது."

வயர்மேனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எப்போ வெட்டும்?"

"துணி காயப் போடும்போ."

பின்பக்கத்தில் துணி அலக்குகிற சத்தம் நின்றிருந்தது.

அவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. பியூஸ்கட்டையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலிலிருந்து சாடினார். ஸ்டூல் சரிந்து விழுந்தது. என்னடே, என்னடே என்று கேட்டுக்கொண்டே அப்பாவும் அடுக்களை வழியாகப் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன்.

அம்மா பிழிந்த விரிப்பை உதறி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். வெறும் கால், சேற்றில். கொடிக்கம்பிக்கும் அவள் கைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"மைனி, தொடாதீங்க!"

அவர் போட்ட சத்தத்தில் விரிப்பு அவள் கையை விட்டுச் சேற்றில் விழுந்தது. அம்மா விரிப்பைப் பார்த்தாள், வயர்மேனைப் பார்த்தாள்.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு மணிக்கூறா அலக்குன விரிப்பாக்கும் அது. நீ வந்து அலக்கித் தருவியா?"

"அலக்கித் தாரேன் மைனி. எத்தனைனாலும் அலக்கித் தாரேன். அங்க தள்ளி நில்லுங்க" என்றார் அவர்.

பியூஸ்கட்டை அவர் மடியில் இருந்தது. கம்பியில் இனி ஒன்றும் வராது. இருந்தும் ஒரு காய்ந்த கம்பை எடுத்து, அதனால் வயரைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். பாதி வழியில் நின்றார். நானும் பார்த்தேன். அங்கே சுற்றியிருந்த சைக்கிள் டியூப் சாம்பல் நிறமாகி, வெடித்து, தொங்கிக்கொண்டிருந்தது. செம்புக் கம்பி வெளியே வந்து இரும்புக் கம்பியின் மேல் படுத்துக்கிடந்தது. தொட்ட இடம் கறுத்திருந்தது.

அப்பா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னதுடே அது?" என்று அம்மா தூரத்திலிருந்து கேட்டாள்.

வயர்மேன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அந்த டியூபைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். பிரித்து, மடியில் பியூஸ்கட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அப்புறம்தான் திரும்பினார்.

"அணிலு மைனி. வயரக் கடிச்சுக் கொதறி வச்சிருக்கு."

"அப்போ எனக்க கையில வெட்டுனது?"

"கரண்டுதான்."

"கரண்டுன்னா பிடிச்சுக்கிடும்லா? எத்தன தடவ வெட்டிச்சு. ஒடனே விட்டிருமே."

"ஒங்க தம்பி விடவச்சான்" என்றார் அவர், முன்னறைப் பக்கம் கையைக் காட்டி. "ஒவ்வொரு தடவையும் அவந்தான் விடவச்சான். இன்னைக்கு நாந்தான் அதக் கழட்டிப்போட்டேன்."

அம்மா அலக்குகல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தன் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். அவள் உடம்பு ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. அழுதாளா என்று தெரியவில்லை. தம்பி, தம்பி என்று இரண்டு தடவை சொன்னாள்.

அப்பா அன்றைக்குக் கடை திறக்கவில்லை. வயர்மேன் மறுபடியும் ஸ்டூலில் ஏறி அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டினார். அப்பா ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தரையில் நன்றாக நிற்கிற ஸ்டூலை எதற்குப் பிடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மத்தியானத்துக்குள் இரும்புக் கம்பியை அறுத்துச் சுருட்டினார்கள். மதிலோரம் கம்புகள் நட்டு, உயரத்தில் புது வயர் போனது. அதிலிருந்து நன்றாக விலகி, இன்னொரு மூலையில், துணிக்காகத் தேங்காய் நாரில் திரித்த தும்புக்கயிறு கட்டினார்கள். வயர்மேன் கூலி வாங்க மாட்டேன் என்றார். அந்த விரிப்பை மட்டும் வம்பாக வாங்கிக் கிணற்றடியில் அலக்கிப் பிழிந்து கொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் வேலையை அவர் செய்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

ஊரில் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர் வந்தது. பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னதாம். நான் கண்டுபிடிக்கவில்லை, என் மேல் பழி வராமலிருக்கத்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதோடு, கழற்றச் சொன்னதே நான்தான் என்று அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரம் மாமாவுக்குக் கடிதம் போனது. அம்மா இரண்டு பக்கம் எழுதினாள். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். "நீ தந்த சாதனம் நல்லபடியாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதினார். மாமா இப்போது ஊரோடு வந்துவிட்டார். முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார். பார்க்கப் போகும்போதெல்லாம் அவருக்கு நன்றாக ஒரு நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். வயர்மேனுக்கும் சொன்னதில்லை. இதை எழுதுவதுகூட அதனால்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அணில்களோடு சண்டை போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியில் கல்லைப் பொறுக்கிக்கொண்டு தென்னையடியில் நிற்பேன். என் அம்மாவைக் கொல்லப் பார்த்த ஜந்துக்கள் அல்லவா? ஒருநாள் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து என் மடியிலிருந்த கல்லையெல்லாம் எடுத்துக் கீழே போட்டார்.

"விடு மக்கா. அதுக ஒண்ணும் செய்யல்ல" என்றார்.

அப்பாவுக்கு இரக்க சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. துணி அலக்குகிற நாட்களில், கடைக்குக் கிளம்புகிறவர், சைக்கிளை எடுப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போவார். அம்மா முதல் துணியைப் பிழிவதற்குள் போய்விடுவார். ஈர மண்ணில் வெறும் காலோடு நின்று, கையைத் தூக்கி, அந்தத் தும்புக்கயிற்றை முழுக் கையாலும் பிடித்துக்கொள்வார். சும்மா தொட்டுவிட்டு விடமாட்டார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நிற்பார். அப்புறம் வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். அம்மாவும் அதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. வாளியோடு ஓரமாகக் காத்து நிற்பாள்.

எனக்குக் கல்யாணமாகி நான் அந்த வீட்டை விட்டுப் போகிறவரை அது நடந்தது. கயிறு தொய்ந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன். தும்புக்கயிற்றில் கரண்ட் வராது என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிறகும் அப்படியேதான் நினைத்திருந்தேன்.